2கே22 ஃபார்முலாவ நம்பி 2கே24 மைஜிஎம்-ல அடி மேல அடி, எங்க மாத்தணும்?

மிட்நைட்_புக்கர்:

வணக்கம் மக்களே. கொஞ்சம் பெரிய போஸ்ட், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2022ல டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லிங் வீடியோ கேம் 2கே22 வந்தப்போ எனக்கு மைஜிஎம் மோடு தான் எல்லாமே, அதாவது ரா, ஸ்மாக்டவுன் மாதிரி ஒரு பிராண்டுக்கு ஜெனரல் மேனேஜரா (ஜிஎம்) இருந்து ஷோ நடத்தறது. ரிங்ல இறங்கி ஒரு மேட்ச் கூட கையால ஆடினதில்ல, எல்லாம் சிம் (கேமே ஆடி முடிவு சொல்றது) தான், யாரை யாரோட மோத விடலாம் எந்த வாரம் யாருக்கு லீவு குடுக்கலாம்னு அந்த புக்கிங் ஸ்கிரீன்லயே விடிஞ்சிடும். அப்ப என் ஃபார்முலா ரொம்ப சிம்பிள். டிராஃப்ட்ல (முறை வச்சு ஆள் எடுக்கறதுல) ஆம்பளைங்கள்ல ரெண்டு பெரிய தலை, பொம்பளைங்கள்ல ரெண்டு பெரிய தலை, மீதி இடத்துக்கெல்லாம் சீப்பா யாரு கிடைக்குறாங்களோ அவங்க. கிளாஸ் (ஆளோட வகை) பாத்து ஃபைட்டருக்கு எதிர்ல புரூஸர், குரூஸருக்கு எதிர்ல ஜெயன்ட், ஒருத்தர் ஃபேஸ்னா (நல்லவர்) இன்னொருத்தர் ஹீல் (வில்லன்). அந்த பெரிய தலைங்களுக்குள்ளயே ரைவல்ரிய (பகைக் கதைய) ஏத்தி ஏத்தி பிஎல்இ-ல (சில வாரத்துக்கு ஒருதடவை வர்ற பெரிய ஷோல) கொண்டுபோய் வெடிக்க விட வேண்டியது. 25 வார சீசன்ல 20வது வாரத்துக்குள்ளயே என் ஃபேன்ஸ் கணக்கு எதிராளிக்கு எட்டாத உயரத்துல இருக்கும், மீதி அஞ்சு வாரம் சும்மா பட்டன் தட்டறது தான்.

2கே23 ஆடவே இல்ல, அந்த நேரம் என் லேப்டாப் மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. இப்ப புது பிசி போட்டு நேரா 2கே24. அதே ஃபார்முலா, ஆனா நாலு பிராண்ட், நான் ஸ்மாக்டவுன். முதல் அஞ்சு வாரம் ஜாலியா தான் போச்சு. 13வது வாரம் என் மெயின் சாம்பியன் ஸ்டாமினா முப்பத்தி சொச்சத்துல நிக்குது, ஓய்வு குடுக்கணும்னு நல்லாவே தெரியும், ஆனா முந்தின வாரம் தான் பக்கத்து பிராண்ட் என்னைய தாண்டிப் போயிருந்தான், ரோஷத்துல ஹெல் இன் எ செல் (கூண்டுக்குள்ள நடக்கற முரட்டு மேட்ச்) போட்டுட்டேன். மேட்ச் ரேட்டிங் நாலரை ஸ்டார் வந்துச்சு, கூடவே இஞ்சுரியும் வந்துச்சு. பிஎல்இ-க்கு ரெண்டே வாரம், ரைவல்ரி மூணாவது லெவல்ல அந்தரத்துல தொங்குது, அவனுக்கு பதிலா நிறுத்தறதுக்கு பாப்புலாரிட்டி உள்ள ஒரு ஆள் என் ரோஸ்டர்ல (ஆள் பட்டியல்ல) இல்ல. டேக் டைட்டில் (ஜோடிகளுக்கான பட்டம்) யாரு கையில இருக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல, அந்த அளவுக்கு அத கண்டுக்கவே இல்ல. சீசன் முடிவுல நாலு பேர்ல மூணாவது.

கேம் கஷ்டமாயிடுச்சா, இல்ல நான் தான் பழைய பஞ்சாங்கமா?

ரோப்பிரேக்:

ப்ரோ உங்க ஃபார்முலா தப்பில்ல, ஆனா அது 2கே22க்குன்னு அளவெடுத்து தச்ச சட்டை. இப்ப ஆளு வளந்துட்டான், அதே சட்டைய போட்டா பட்டன் தெறிக்கத்தான் செய்யும்.

2கே22ல நமக்கு இருந்த பெல்ட் எத்தனைன்னு யோசிங்க. ஆம்பளைங்க வேர்ல்டு டைட்டில், பொம்பளைங்க வேர்ல்டு டைட்டில், அவ்ளோதான். மிட்கார்டும் (நடுத்தர ஆளுங்களுக்கான பட்டம்) இல்ல டேக்கும் இல்ல. எதிர்ல ஒரே ஒரு ஜிஎம். ஒரு சீசன் முடிஞ்சா கதை முடிஞ்சது. அப்படிப்பட்ட ஆட்டத்துல காசையெல்லாம் நாலு பேர் மேல கொட்டுறது தான் சரி, வேற எங்க கொட்டுவீங்க? 2கே23ல தான் மிட்கார்டு டைட்டில், டேக் டைட்டில், பெரிய மேட்ச் கார்டு, பல சீசன், 4 ஜிஎம் வரைக்கும்னு எல்லாம் ஒண்ணா வந்து இறங்குச்சு. நீங்க அந்த வருஷத்த தாண்டிக் குதிச்சு வந்ததால ரெண்டு வருஷ மாற்றமும் ஒரே நேரத்துல மூஞ்சில அடிக்குது.

கணக்கு போட்டு பாருங்க. ஒரு ஷோவுக்கு 5 மேட்ச்னு வைங்க, சிங்கிள்ஸ் மட்டும் போட்டாலே 10 உடம்பு வேணும். ஒவ்வொரு உடம்புக்கும் ஸ்டாமினா இறங்கும், அடுத்த வாரம் அதுல பாதி பேராவது உக்காரணும். அப்ப நிஜமா உங்களுக்கு வேண்டியது 10 இல்ல, 15 பேர். நாலு பெரிய தலை வாங்கிட்டு இந்த 15 பேருக்கு காசு எங்க இருக்கும்? அதனால இப்ப நான் பெரிய தலை ஒண்ணு, ரொம்பப் போனா ரெண்டு. மீதி எல்லாம் நடுத்தரம். ஷோ ரேட்டிங் எல்லா மேட்சும் சேர்ந்து தானே வருது, மெயின் ஈவென்ட்ல நாலரை வாங்கி கீழ ரெண்டு ரெண்டா வாங்குறத விட வரிசையா மூணரை வாங்குறவன் தான் எனக்கு இதுவரைக்கும் தண்ணி காட்டியிருக்கான்.

டிராஃப்ட்லயும் ஒரு விஷயம் இருக்கு, இத யாரும் சொல்லித் தரல, நானா ரெண்டு சீசன் தோத்து கத்துக்கிட்டேன். நாலு பேரு ஒரே குட்டையில மீன் பிடிக்கறோம், உங்க முறை திரும்ப வர்றதுக்குள்ள நல்ல மீனெல்லாம் போயிடும். ஆனா எல்லாரும் பாப்புலாரிட்டிய பாத்துட்டு இருக்கும்போது நீங்க கிளாஸ பாருங்க. ஜெயன்ட் கம்மி ப்ரோ, ரொம்ப கம்மி. ஓமோஸ் மாதிரி ஒரு ஜெயன்ட்ட சீக்கிரமே தூக்கிட்டா அப்புறம் மெதுவா ரே மிஸ்டீரியோவோ வேற எந்த குரூஸரோ வந்தா போதும், அந்த ஜோடி சீசன் முழுக்க சோறு போடும். குரூஸரா நாலு பேர வாங்கிட்டு ஜெயன்ட் இல்லாம நிக்குறவன நான் பாத்திருக்கேன், அது நான் தான்.

ட்ரிபிள் த்ரெட், ஃபேட்டல் ஃபோர்வே பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிக்கறேன். புதுசா இருக்கேன்னு வாரா வாரம் போடாதீங்க. ஒரு ஸ்லாட்டுக்கு மூணு பேரு நாலு பேரு ஸ்டாமினா போகுது.

லேட்_டேக்:

மேல சொன்ன ப்ரோ சொல்றதுல பாதி ஒத்துக்கறேன், ஆனா 2கே24ல முக்கியமான மாற்றத்த விட்டுட்டாரு. பெல்ட் எண்ணிக்கையெல்லாம் 2கே23 கதை. 24ல வந்தது மூணு. ரெஸ்லர் லெவல் ஏறுறது, மத்த பிராண்டோட டிரேட் பண்றது, டேலன்ட் ஸ்கவுட் (புது ஆள தேட அனுப்பறது). இந்த மூணையும் தனித்தனியா பாத்தா சின்ன விஷயமா தான் தெரியும், சேத்துப் பாத்தா தான் ஆட்டம் எங்க மாறுதுன்னு புரியும்.

முன்னாடி ஆள வாங்குறது சந்தையில காய் வாங்குற மாதிரி, வாங்கின அன்னைக்கு தான் ஃப்ரெஷ்ஷு, அப்புறம் ஸ்டாமினா போயி மொராலு (மன உற்சாகம்) போயி காஞ்சிக்கிட்டே வரும். இப்ப விதை வாங்கி நடலாம். கம்மி சம்பளத்துல ஒரு சின்னப் பையன எடுத்து, மேட்சுக்கு மேட்ச் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) ஏத்தி, லெவல் ஏற ஏற கூட வர்ற பெர்க்கையும் (கூடுதல் சலுகையையும்) சேத்தா, சீசன் பின்பாதில அவன் விலைக்கு மேல வேலை செய்யறான். பெரிய தலைக்கு ஏற்கனவே எல்லாம் இருக்கு, அவனுக்கு மேட்ச் குடுத்து வளக்கறதுல லாபம் கம்மி. அதனால ஆரம்ப வாரங்கள்ல நான் மெயின் ஆளுங்கள ப்ரோமோல (மைக்ல பேசற பகுதில) மட்டும் நிறுத்திட்டு மேட்ச் ஸ்லாட்ட பசங்களுக்கு குடுக்கறேன். முதல் ஆறு ஏழு வாரம் கேவலமா தான் இருக்கும், கடைசி இடத்துல கூட இருப்பீங்க, பதறக்கூடாது. நிஜத்துலயும் ரோமன் ரெய்ன்ஸ் 1316 நாள் பெல்ட்ட வச்சிருந்தாரே, வாரா வாரமா ரெஸ்லிங் பண்ணாரு? வந்து மைக்க புடிச்சிட்டு போவாரு, நாம வாயப் பொளந்து பாத்துட்டு இருப்போம்.

அப்புறம் டிரேட். உங்க 13வது வார கதைய படிச்சதும் எனக்கு வயித்தெரிச்சல் தான் வந்துச்சு. 10வது வாரமே, ஸ்டாமினா நல்லா இருக்கும்போதே, அந்த சாம்பியன்கிட்ட இருந்து பெல்ட்ட இன்னொருத்தனுக்கு மாத்திவிட்டு ஆள டிரேட்ல தள்ளியிருந்தா ரெண்டு நல்ல மிட்கார்டு ஆளு வந்திருப்பாங்க. பாப்புலாரிட்டி உச்சத்துல இருக்கும்போது தான் ஆள விக்கணும். நமக்கு மனசு வராது, அங்க தான் சறுக்கறோம்.

ஸ்கவுட்ட இஷ்டத்துக்கு அனுப்பாதீங்க. ரோஸ்டர்ல எந்த கிளாஸ் ஓட்டையோ அதுக்கு மட்டும்.

ரோப்பிரேக்:

பெல்ட்ட இறக்கி ஆள விக்கறதெல்லாம் சரி, ரைவல்ரி ஓடிட்டு இருக்கும்போது வித்தா அந்த ரைவல்ரியும் போயிடுமே, அவர் அதுல ஏற்கனவே நாலஞ்சு வாரம் போட்டிருக்காரே?

லேட்_டேக்:

அதான் சொல்றேன், ரைவல்ரிய பிஎல்இ-ல முடிச்சுட்டு மறுவாரம் விக்கணும். நடுவுல வித்தா நஷ்டம் தான், மறுக்கல.

செவன்_ஃபுட்_செல்வா:

எனக்கு இத படிச்சா ஸ்கூல்ல ஆடின டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டு தான் ஞாபகம் வருது. ஹைட்டு வெயிட்டு செஸ்ட்டு பைசெப்ஸுன்னு ஒரே ஒரு நம்பர பாத்து கத்துவோம்ல, ஓபி (முதல் போஸ்ட் போட்டவர்) அந்த மாதிரி பாப்புலாரிட்டிங்கற ஒரே நம்பர பாத்து டிராஃப்ட் பண்ணியிருக்காரு. தல, கார்டுல எல்லா வரியையும் படிங்க 😂

மெமரிகார்டு_8எம்பி:

தம்பிங்களா நான் கொஞ்சம் பழைய ஆளு. ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2006ல தான் ஜிஎம் மோட் முதல்ல வந்துச்சு, பிஎஸ்2ல. ரா, ஸ்மாக்டவுன், ரெண்டே பிராண்டு, வருஷக் கடைசில ஜிஎம் ஆஃப் தி இயர் வாங்கணும், அவ்ளோதான் லட்சியம். எங்க தெரு கேம் சென்டர்ல மணிக்கு காசு குடுத்து ஆடுவோம், 8 எம்பி மெமரி கார்டு ஒண்ணு சொந்தமா வாங்கி சட்டை பாக்கெட்லயே வச்சிருப்பேன், இல்லன்னா அடுத்து வர்றவன் நம்ம சேவ அழிச்சுட்டு அவன் கிரிக்கெட்ட சேவ் பண்ணிடுவான். 2008 எடிஷன்ல அத 24/7 மோடுக்குள்ள கலந்தாங்க, அதுக்கப்புறம் காணாமப் போயி, 2கே22ல தான் திரும்ப வந்துச்சு.

நான் எதுக்கு இத சொல்றேன்னா, புதுசா ஒரு வசதி குடுக்கும்போதெல்லாம் நாம அத உடனே முழுசா பயன்படுத்தணும்னு நினைக்கறோம். லேட்_டேக் தம்பி லெவலிங்ன்றாரு, டிரேட்ன்றாரு, ஸ்கவுட்ன்றாரு, எல்லாத்தையும் ஒரே சீசன்ல பண்ணா காசு எங்க நிக்கும்? அரங்கம், க்ரூ, ஸ்பெஷல் எஃபெக்ட், விளம்பரம்னு லாஜிஸ்டிக்ஸ் செலவு வேற வாரா வாரம் கேக்குது. நான் பண்றது, சீசன் ஆரம்பத்துலயே ஒரு நோட்டுல எழுதிடுவேன், இந்த சீசன்ல எந்த டைட்டில சும்மா ஓட விடப் போறேன்னு. போன தடவை டேக் டைட்டில கை விட்டேன். டேக் மேட்சுக்கு நாலு உடம்பு வேணும், அந்த நாலு பேரையும் ரெண்டு சிங்கிள்ஸ் மேட்ச்ல போட்டேன். டேக் டைட்டில் யாரு கையில இருக்குன்னு தெரியலன்னு ஓபி வருத்தப்படறாரு, தெரிஞ்சே கை விட்டிருந்தா அதுல தப்பே இல்ல. தெரியாம விட்டதால தான் அந்த நாலு பேரு சம்பளமும் வீணாச்சு.

அப்புறம் அந்த இஞ்சுரிக்கு புது ஃபீச்சர் மேல பழி போடாதீங்க. முப்பது ஸ்டாமினால ஹெல் இன் எ செல் போட்டா 2கே22லயும் அதே கதி தான்.

கவுன்ட்அவுட்_காயத்ரி:

2கே25 ஆடுறவங்க யாரும் இல்லையா இங்க? மைஜிஎம் ஆன்லைன் வந்ததும் மேல சொன்ன பாதி விஷயம் தலைகீழாயிடுச்சு. நானு, என் தம்பி, அவன் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு, நாலு பேர் ஒரு லீக் ஓட்டறோம்.

ஏஐ-கிட்ட (கம்ப்யூட்டர் எதிராளிகிட்ட) ஜெயன்ட்ட முன்னாடியே தூக்கறது ஒர்க் ஆகும். மனுஷங்ககிட்ட முதல் சீசன்ல ஒர்க் ஆச்சு, ரெண்டாவது சீசன்ல என் தம்பி முதல் பிக்கே ஜெயன்ட் எடுத்தான், அவனுக்கு தேவையே இல்ல, எனக்கு கிடைக்கக் கூடாதுன்னு எடுத்தான்! அம்மாகிட்ட சொல்லிக் குடுக்கற வயசும் தாண்டிடுச்சு எனக்கு. அதுக்கப்புறம் நான் ஸ்பெஷலிஸ்ட்ங்கற இன்னொரு கிளாஸ் ஆளுங்க பக்கம் சாஞ்சுட்டேன், பெரிய கெமிஸ்ட்ரி இல்லன்னாலும் யாரோட போட்டாலும் சொதப்ப மாட்டாங்க, யாரும் மடக்கவும் முடியாது.

பவர் கார்டும் அப்படித்தான். ஏஐ எதிர்ல ஆடும்போது எனக்கு லாபம் வர்ற கார்டத் தான் வச்சிருப்பேன். இப்ப எல்லாரும் அடுத்தவன கெடுக்கற கார்ட பிஎல்இ வாரத்துக்குன்னு சேத்து வைக்கறாங்க. அதனால நான் பெரிய மேட்ச சில சமயம் பிஎல்இ-க்கு முந்தின வாரமே சாதா ஷோல முடிச்சுடறேன். ரைவல்ரி முழு பலன் வராது, ஆனா மூணு பேரும் பதுக்கி வச்ச கார்டு எம்மேல பட்டும் பிரயோஜனம் இல்லாமப் போகும்ல. அவனுங்க மூஞ்சிய பாக்கணுமே.

ஓபி அண்ணா நீங்க ஏஐ-கிட்ட தான் ஆடறீங்கன்னா ரோப்பிரேக் சொல்றத மட்டும் முதல்ல பண்ணுங்க. ரோஸ்டர் ஆழமில்லாம டிரேட்ல இறங்காதீங்க.

மிட்நைட்_புக்கர்:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளி ராத்திரி புது சீசன் ஆரம்பிச்சு இப்ப 11வது வாரத்துல இருக்கேன், ரிப்போர்ட் குடுத்துடறேன்.

பெரிய தலை ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது பிக்லயே ஜெயன்ட். 14 பேர் ரோஸ்டர். மெமரிகார்டு அண்ணன் சொன்ன மாதிரி நோட்டு எடுத்து டேக் டைட்டில் அவுட்டுன்னு எழுதி வச்சேன், வீட்டுல பாத்துட்டு ஆபீஸ் வேலையான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன். லேட்_டேக் சொன்னதுல ஆரம்ப வாரம் பசங்களுக்கு மேட்ச் குடுக்கறத மட்டும் எடுத்துக்கிட்டேன், டிரேட் பக்கம் போகல. 6வது வாரம் வரைக்கும் கடைசி இடம், கை நடுங்குச்சு. இப்ப ரெண்டாவது இடம், முதல் ஆளோட வித்தியாசம் வாரா வாரம் குறையுது. ஒருத்தன் ஸ்டாமினாவும் அம்பதுக்கு கீழ இல்ல.

ஒரே ஒரு சந்தேகம். நான் வளத்த ஒரு குரூஸர் பையன் நல்லா ஏறிட்டான், அவனுக்கு ஒரு பிராண்ட் டிரேட் ஆஃபர் அனுப்பியிருக்கு, பதிலுக்கு ஒரு பேர் உள்ள ஃபைட்டர் வர்றான். கணக்குப்படி எனக்கு லாபம் தான். ஆனா முதல் வாரத்துல ஒண்ணரை ஸ்டார் வாங்கினவன், நேத்து ஜெயன்ட்டோட நாலு வாங்கினான்.

லேட்_டேக்:

வித்துடுங்க ப்ரோ.

மெமரிகார்டு_8எம்பி:

விக்காதீங்க தம்பி. குரூஸர வித்துட்டா அந்த ஜெயன்ட்ட யாரோட மோத விடுவீங்க?

லேட்_டேக்:

அத யோசிக்கல. சரி, விக்காதீங்க.