தாயில்லாப் புலிக்குட்டிகளும் வேட்டைப் பயிற்சியும்: கண்டவர்கள் பகிர்ந்தவை

வால்பாறையில், முடீஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். 2021 செப்டம்பர் இறுதியில் எங்கள் பகுதியில் ஒரு புலிக்குட்டி நடக்கத் தெம்பில்லாமல் கிடப்பதாகச் செய்தி பரவியது. வனத்துறையினர் அதை மீட்டுக் கூண்டோடு வண்டியில் கொண்டுசென்றபோது சாலையோரம் நின்று பார்த்தேன். சுமார் எட்டு மாத ஆண் குட்டி. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. வண்டி குலுங்கியபோது தலையைத் தூக்கிச் சீற முயன்றது; வாய் திறந்து மூடியதே தவிர, சத்தம் வரவில்லை.

அதன் உடலில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்த காயங்கள் இருந்தன. ஏறக்குறைய இரண்டு வயதுவரை தாயோடு திரியும் குட்டி, எந்த இரையை எப்படி நெருங்குவது, எங்கே கவ்வினால் அது அடங்கும், எதைவிட்டு ஒதுங்கிப் போக வேண்டும் என்பதையெல்லாம் தாயைப் பார்த்துப் பார்த்தே பழகுகிறது. தாயைப் பிரிந்த இந்தக் குட்டி, பசி தாங்காமல் எதிர்ப்பட்டதன்மேல் பாய்ந்திருக்க வேண்டும்.

மானாம்பள்ளியில் வைத்துச் சிகிச்சை அளித்துத் தேற்றிய பிறகு, வேட்டை பழக்குவதற்காக 2022 ஜூனில் மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடியில் வேலியிட்டு அமைத்த இடத்துக்கு அதை மாற்றினார்கள். கண்காணிப்புக்குக் கேமராக்கள் இருந்தன, வெளியாட்களுக்கு அனுமதியில்லை. "நம்ம ஊர்க் குட்டியை நாமே பார்க்க முடியவில்லையே" என்று தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. பாய்ந்து பிடிக்கும் வேகம் புலிக்குப் பிறவியிலேயே உண்டு. மனிதரைக் கண்டால் விலகும் கூச்சம்தான் கூண்டு வளர்ப்பில் முதலில் கெடுகிறது. ஆள் வாடையோடு சேர்ந்தே தீனி வந்து பழகிய புலி, பசிக்கும் நாளில் ஆளைத் தேடித்தான் வரும். காடும் தோட்டமும் ஒட்டிக்கிடக்கும் எங்கள் ஊரில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கும் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகளுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. பின்னர் அந்தக் குட்டியின் கோரைப்பல் சேதமடைந்திருப்பதாகக் கேள்விப்பட்ட அன்று மனம் மிகவும் கலங்கியது. இரையின் கழுத்தை இறுகப் பிடிப்பது அந்தப் பற்கள்தானே.

*

முடீஸ் அனுபவத்தை எழுதிய நண்பருக்கு வணக்கம். கூச்சத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததும், 2013 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டில் நான் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது.

2009 வாக்கில் பன்னாவில் புலியே இல்லாமல் போயிருந்தது. வேறு காடுகளிலிருந்து கொண்டுவந்து விட்ட புலிகளோடு, அதே மாநிலத்தின் கான்ஹா காட்டில் மனிதர் பராமரிப்பில் வளர்ந்த இரண்டு சகோதரிகளையும் 2011இல் அங்கே விட்டார்கள். டி-4, டி-5 என்பவை அவற்றின் அடையாள எண்கள். குட்டிப் பருவத்திலேயே தாயை இழந்த அவை, கான்ஹாவின் கோரெல்லா என்ற இடத்தில், பெரிய வேலியடைப்புக்குள் உயிருள்ள மான்களைத் துரத்திப் பிடித்தே வேட்டை பழகின. இப்படி வளர்ந்தவை காட்டில் பிழைக்குமா என்று ஐயப்பட்டவர்கள் அப்போது பலர். டி-4 பிழைத்தது மட்டுமன்றி, அந்த ஆண்டு முடிவதற்குள் குட்டிகளையும் ஈன்றது.

மட்லா வாயில் வழியாக ஜிப்சி ஜீப்பில் நுழைந்து, கென் ஆற்றை ஒட்டிய பாதையில் போய்க்கொண்டிருந்தோம். காய்ந்த தேக்கிலைகள் நொறுங்கும் ஓசை கேட்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். கழுத்தில் ரேடியோ பட்டையுடன் ஒரு பெண்புலி, ஐம்பதடி தூரத்தில் குறுக்கே வந்தது. டி-4 என்று வழிகாட்டி காதோடு சொன்னார். வளர்ப்புப் பிராணி போல எங்களை நோக்கி வந்துவிடுமோ என்றுதான் எனக்கு அச்சமாக இருந்தது. அது நின்றது; காதுகளைப் பின்னுக்கு மடக்கி எங்களை ஒரு கணம் பார்த்தது; பிறகு வந்த வழியே திரும்பி, புதருக்குள் உடலைத் தாழ்த்தி மறைந்தது.

ரஷ்யாவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2012இல் பிரிமோரியே பகுதியில், பனியில் வால் நுனி கருகிய நிலையில் கிடைத்த ஜோலுஷ்கா என்ற குட்டியை, ஆட்களைக் காணாதபடி வளர்த்து, உயிருள்ள இரையில் பழக்கி, 2013 மே மாதம் பஸ்தாக் காப்பகத்தில் விட்டார்கள். 2015இல் அது இரண்டு குட்டிகளோடு தானியங்கிக் கேமராவில் பதிவானது. அந்தப் படத்தைப் பார்த்தபோது, பன்னாவில் காதை மடக்கி விலகிப்போன அந்த முகம்தான் என் கண்முன் வந்தது.