புதுப்பிப்பு: ஜெல் நகம் கழண்ட கதை, காசு பாதி திரும்பி வந்திட்டுது

யாழ்ப்பாண டவுனில ஒரு கடையில கலியாண வீட்டுக்கெண்டு நகத்துக்கு ஜெல் (லைற்றில காய வைக்கிற கெட்டியான நகப்பூச்சு) போட்டு, பொம்பிளை அழைக்க முதலே ஓரம் தூக்கி, போய்க் கேட்க "நீங்கள் பாத்திரம் கழுவியிருப்பியள்" எண்டு அனுப்பிவிட்டவை எண்டு எழுதினனான் எல்லோ. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதல்ல மிச்சத்தைக் கழட்டினன். உரிக்காதேங்கோ, நகத்தின்ர மேற்தட்டும் சேந்து வரும் எண்டு சொன்ன அக்கான்ர முறைதான் சரிவந்தது: மேல மினுக்கத்தை அராவி, சுத்திவர தேங்காயெண்ணெய் பூசி, அசிட்டோன் (பூச்சைக் கரைக்கிற திரவம்) நனைச்ச பஞ்சை வைச்சு ஃபொயிலால சுத்தி 15 நிமிசம் விட, பிசின் மாதிரி இளகி மரக்குச்சியால தள்ள வந்திட்டுது. வீட்டில கிடந்த நகப்பூச்சு ரிமூவர் அசிட்டோன் இல்லாததாம், அது ஜெல்லை அசைக்கவே இல்லை, போத்தலை வாசிச்சு வாங்குங்கோ.

எதிர்பாராதது, பெருவிரல் நகத்தில பச்சைத் திட்டு ஒண்டு. நான் பூஞ்சணம் எண்டு பயந்தன், தோல் டொக்டர் பார்த்திட்டு இது பக்டீரியா, தூக்கின இடைவெளிக்குள்ள ஈரம் நிண்டு வாறது எண்டார். மருந்து தந்தவர், காய விடச் சொன்னவர், திட்டு நகம் வளர வளரத்தான் போகுமாம், மாசத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவுதானே வளரும்.

காசு விசயம்: படங்களை வாட்ஸ்அப்பில அனுப்பி, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட ஃபோன் இலக்கத்தில முறையிடப்போறன் எண்டு எழுத, அண்டைக்குப் பின்னேரமே பாதிக் காசு தந்தவை. மன்னிப்பெல்லாம் இல்லை, "அடுத்தமுறை டிஸ்கவுண்ட்" எண்டினம்.