தேரோட்ட நேரலை: இந்த முறை சத்தமும் சரியாக வரட்டும்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

போன தேரோட்டத்தைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குறையைத்தான் சொன்னீர்கள்: படம் பரவாயில்லை, சத்தம்தான் விளங்கவில்லை. ஒலி முழுக்கப் போனின் மைக்கில் வந்ததால், பக்கத்தில் ஓடிய ஜெனரேட்டர்தான் தவிலைவிடப் பெரிதாகக் கேட்டது. இந்த முறை மைக்செட்காரரின் மிக்சரிலிருந்தே, அதாவது எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் பெட்டியிலிருந்தே, நேராக எடுத்துவிடலாம்.

அதற்காக மிக்சர் ஒயரை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகிவிடாதீர்கள், தம்பிகளா. மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்சர் தருவதோ ஒரு வோல்ட் அளவுக்கு இருக்கும். குரல் உடைந்து கரகரவென்றுதான் போகும். மிக்சர் ஒலியை லேப்டாப்புக்குக் கொடுக்க யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வேண்டும். பெஹ்ரிங்கர் யுஎம்சி202எச்டி போல இரண்டு இன்புட் உள்ளது நமக்குப் போதும். கால் அங்குல ஜாக் போட்டு லைனாக, அதாவது மைக் அளவில் இல்லாமல் மிக்சர் அளவில், எடுங்கள். சில மைக்குகளுக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் அணைந்தே இருக்கட்டும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டிலிருந்து எடுக்க வேண்டாம். கோயில் வாசலில் நாயனமும் தவிலும் தானாகவே காதைப் பிளக்கும் என்பதால், மைக்செட்காரர் அந்த மைக்குகளைக் குறைத்தே வைத்திருப்பார். அங்கே நிற்பவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் அதே ஒலி நமக்கு வந்தால் அறிவிப்பாளர் குரல் மட்டும் ஓங்கி, மேளம் எங்கோ தூரத்தில் கேட்கும். அதனால் ஆக்ஸ் அவுட்டை, அதாவது ஒவ்வொரு மைக்கையும் நமக்கென்று தனி அளவில் கலந்து தரும் வழியை, கேட்டு வாங்குங்கள். அதுவும் ப்ரீ-ஃபேடராக, அதாவது ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் என்ற நகர்த்திக்கு முன்பிருந்தே. அவர் ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் நம் பக்கம் அசையாது.

வடம் இழுக்கும் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் தனியாக வையுங்கள். அதன் ஃபேடர் முழுக்கக் கீழே இருக்கட்டும், ஆக்ஸில் மட்டும் திறந்துவிடுங்கள். ஸ்பீக்கரில் ஊளையிடாது, 'அரோகரா' மட்டும் நமக்கு வந்துவிடும். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

ஸ்பீக்கரில் போடும் பக்திப் பாடல்களின் ஆக்ஸை மூடிவிடுங்கள். பாட்டுக் கம்பெனி உரிமை கோரினால் யூடியூப் நேரலையையே நிறுத்திவிடலாம்.

'ம்ம்ம்' என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. மிக்சரும் லேப்டாப்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கட்டும். அப்படியும் போகவில்லை என்றால் மிக்சருக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவில் ஒலி ஒயரில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று போட வேண்டும்.

அப்புறம் லேப்டாப்பிலிருந்து நேரலையை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ். சவுண்ட் கார்டிலும் ஓபிஎஸ்ஸிலும் சாம்பிள் ரேட்டை ஒன்றுபோல 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். மீட்டர் மஞ்சளில் ஆடலாம், சிவப்பில் நிற்கக் கூடாது. தவில் அடிக்குத் துள்ளும் என்பதால் சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டர் ஃபில்டரும் போட்டுவிடுங்கள். கேமரா முன்னால் ஒருவர் கைதட்டட்டும். தட்டும் சத்தம் படத்துக்கு முந்தினால், ஒலியைத் தாமதப்படுத்தும் சிங்க் ஆஃப்செட்டில் சில மில்லிசெகண்ட் கூட்டுங்கள்.

புதுச் சேனல் என்றால் நேரலை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். கொடியேற்றத்தன்றே ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். சவுண்ட் கார்டு செலவு என்னுடையது. கொடியேற்றத்துக்கு முன் ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.