மறு: காது அறுவைப் படிவம் – மடலா, பதியமா?

அன்புள்ள நண்பர்களே,

படிவம் திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். தோல் புற்றை வெட்டி எடுத்தபின் காதைச் சீரமைக்கும் அறுவைக்கு, நோயாளி கையெழுத்திடுகிற ஒப்புதல் படிவம். அதைத் தமிழில் எழுதுவதில் ‘கிராஃப்ட்’டுக்கு (graft) ‘ஒட்டு’ என்பதில் சண்டை இல்லை. ‘ஃபிளாப்’புக்கு (flap) என்ன சொல் என்பதுதான் இன்னும் தீரவில்லை.

மேலூர் ஐயா ‘மடல்’ என்கிறார், நான் ‘பதியத்தோல்’ என்கிறேன். வாழைமடல், தாழைமடல், மடலேறுதல், 1131ஆம் குறள் வரை அவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அருமை. ஆனால் காதில் மடல் என்றாலே செவிமடல். ‘செவிமடலைத் தோல்மடலால் சீரமைத்தல்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு எது எதுவென்று புரியாது ஐயா.

ஒட்டுக்கும் ஃபிளாப்புக்கும் வேறுபாடு இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. ஒட்டுத்தோலை முழுதாக அறுத்தெடுத்து வைக்கிறார்கள். புது இடத்து இரத்தத்தில்தான் அது பிழைக்க வேண்டும். குருத்தெலும்பின் மேலுறையும் போய்விட்டால் ஒட்டு பிடிக்காது. ஃபிளாப்பில் தோல் தாயிடத்தை விடுவதில்லை. காதுக்குப் பின்னாலிருக்கும் தோலை ஒரு பக்கம் அறுக்காமல் இழுத்து விளிம்பில் தைக்கிறார்கள். சுமார் 3 வாரம் கழித்து அடியை அறுக்கிறார்கள். இது மல்லிகைப் பதியமேதான்! கொடியை வளைத்து மண்ணில் அமுக்கி, வேர் விட்டபின் தாய்ச்செடியிலிருந்து வெட்டுகிறோமே, அதே வேலை. நம் பக்கத்துப் பூ விவசாயிக்கு ‘பதியத்தோல்’ என்றால் பாதி விளக்கம் முடிந்தது. செடிக்கான சொல் உடம்புக்கு ஆகாது என்றால் ‘ஒட்டு’ம் ஆகாதே.

உசிலம்பட்டி அக்கா கேட்டது கனமான கேள்வி. ஆண்டியா (Antia), புக் (Buch) என்ற இரு மருத்துவர்கள் 1967இல் வெளியிட்ட முறையில், மிச்சமிருக்கும் விளிம்பையே தோலும் குருத்தெலும்புமாக நகர்த்தித் தைக்கிறார்கள். சில வாரம் கழித்து அடியை அறுப்பது கிடையாது. அது எப்படிப் பதியம்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை அக்கா. தாயிடத்து இரத்தம் அறாமல் வருகிறது என்ற ஒன்றுக்காகவே ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ‘ஹீலிக்ஸ்’ (helix), அதாவது காதின் வளைந்த வெளியோரம். ‘செவிச்சுருள்’ அழகுதான், படிவத்துக்குக் ‘காது விளிம்பு’ போதும்.

ஒரு தயக்கமும் உண்டு. என் அப்பத்தா தண்டட்டியைக் கழற்றிவிட்டு, தொங்கிய காதைத் தைத்துக்கொண்டு வந்தபோது “காது ஒட்டியாச்சு” என்றுதான் சொன்னார். நாம் எதை எழுதினாலும் ஊர் ‘ஒட்டு’ என்றே சொல்லக்கூடும். அதனால் ‘பதியத்தோல்’ வரும் முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

இதுவரை நால்வர் ‘பதியத்தோல்’ பக்கம். ஐயா இன்னும் ‘மடல்’தான் என்கிறார். ஞாயிறு இரவுக்குள் இரண்டையும் விட நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து