பதின்மூன்றா, முப்பதா? பெயில் பறிபோகப் பார்த்த கதை

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். இங்கே என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு கைகலப்பில் அவன் மேல் அடிதடி கேஸ். 3,000 ராண்ட் கட்டிப் பெயிலில் எடுத்தோம். முதல் இரண்டு வாய்தாவுக்கும் எட்டு மணிக்கே போய் நின்றவன்தான். அடுத்த தேதியில் வினை வந்தது. மாஜிஸ்திரேட் 'தர்ட்டீன்த்' என்றது இவன் காதில் 'தர்ட்டியத்' என்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கோயிலில் கொடுத்த காலண்டரில் 30ஐச் சுற்றி வட்டம் போட்டு 'கோர்ட்' என்று எழுதிவிட்டாள் அவன் மனைவி.

13ஆம் தேதி பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை. அன்றைக்கே வாரண்ட், பெயில் ரத்து, கட்டிய பணமும் அரசாங்கத்துக்கு. 17ஆம் தேதி லீகல் எய்டு வக்கீல் போனில் "எங்கே போனீங்க?" என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்போது நான் ஒரு அதிமேதாவி யோசனை சொன்னேன். "30ஆம் தேதி எப்படியும் போகத்தானே போறே, அன்னைக்கே சொல்லிக்கலாம்." வக்கீல் அம்மா என்னைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். 1977ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 67ஆம் பிரிவு. வாய்தாவுக்கு வராதவரின் பெயில் ரத்தாவது முதலில் தற்காலிகம்தான். வாரண்ட் போட்ட 14 நாளுக்குள் கோர்ட்டுக்கு வந்து, வராமல் போனதில் தன் தவறு இல்லை என்று காட்டினால் பெயில் பிழைக்கும். அதற்குள் வராவிட்டால் ரத்தும் உறுதி, பணமும் போனது போனதுதான். தக்க காரணம் இருந்து கோர்ட்டே கெடுவை நீட்டினால் தவிர. 13லிருந்து 30 வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 17 நாள்.

மறுநாள் காலையே கூட்டிக்கொண்டு போனோம். மூன்று மணி வரைக்கும் கீழே லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான். பிறகு கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து நடந்ததைச் சொன்னான். காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்றி அப்படியே எடுத்துப் போயிருந்தோம். மேலே முருகன், கீழே வட்டம் போட்ட 30. மாஜிஸ்திரேட் வாங்கிப் பார்த்தார். பழைய பெயில் பழையபடியே என்றார். நியாயமான காரணம் இல்லாமல் வராமலிருப்பது தனிக் குற்றம், அதற்கு அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ உண்டு என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஃபீனிக்ஸ் அக்கா:
உங்க தம்பி புண்ணியம் செஞ்சவர். எங்க வீட்டுல நடந்ததுக்கு காலண்டர் காட்டித் தப்பிக்க முடியல. கேஸ் கொடுத்ததே சொந்த அத்தை பொண்ணு. 'நேராகவோ வேறு யார் மூலமாகவோ அவங்களோட பேசக்கூடாது'ன்னு பெயில் நிபந்தனை. எங்க பையன் தானா வாயைத் திறக்கல, சும்மாதான் இருந்தான். நாங்க பெரியவங்கதான் சும்மா இருக்கல. மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயில்ல அத்தையைப் பார்த்து, "மன்னிச்சுடச் சொல்லுங்க, கேஸை வாபஸ் வாங்கிட்டா எல்லாருக்கும் நல்லது"ன்னு பேசினோம். அதோட விட்டிருக்கலாம். பையனோட வாய்ஸ் மெசேஜையும் என் போன்லருந்து நானே அனுப்பினேன்.

நமக்கு அது சமாதானம். பிராசிக்யூட்டருக்கு அது சாட்சியைக் கலைக்கிற வேலை. கோர்ட்ல அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாங்க. பையன் இல்லைன்னான், விசாரணை நடந்தது, மீறினது அவனோட தப்புதான்னு முடிவு பண்ணி பெயிலை ரத்து பண்ணிட்டாங்க. கட்டின பணமும் போச்சு. கேஸ் முடியற வரைக்கும் வெஸ்ட்வில் ஜெயில்லதான் இருந்தான். இன்னும் அவன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமா இருக்கு.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
முப்பது வருடம் கோர்ட்டில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்றவன் நான். இங்கேயே பிறந்தவர்களுக்காகத் தமிழில் பேசும் வேலை வரவரக் குறைந்துவிட்டது. அண்மையில் ஊரிலிருந்து கடை வேலைக்கு வந்த பையன்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

அக்கா சொன்னது 66ஆம் பிரிவு, நிபந்தனையை மீறுவது. 68 இன்னும் கடுமை. எந்த நிபந்தனையையும் மீறியிருக்க வேண்டியதில்லை. தப்பி ஓடப் பார்க்கிறார், சாட்சியை மிரட்டினார், ஒருவருடைய உயிருக்கு ஆபத்தாக இருக்கிறார், பழைய தண்டனையை மறைத்துப் பெயில் வாங்கினார், இதில் ஏதாவது ஒன்றை யாராவது சத்தியம் செய்து சொன்னாலே கோர்ட் வாரண்ட் போட்டு உள்ளே அனுப்பலாம். தங்கை கல்யாணத்துக்கு யாரிடமும் சொல்லாமல் சென்னைக்கு டிக்கெட் எடுத்த ஒருவருக்காக நான் மொழிபெயர்த்திருக்கிறேன். திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருந்தது. யாரும் நம்பவில்லை. 63ஆம் பிரிவின் கீழ் முன்னாலேயே மனுப் போட்டு, போய்வர வசதியாகப் பெயில் நிபந்தனையை மாற்றக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

சாட்ஸ்வொர்த் அண்ணனுக்கு ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்க வேண்டும், இல்லையென்றால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் தம்பி ஏன் கேட்கவில்லை?

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
வெட்கம் ஐயா. டர்பனில் பிறந்து வளர்ந்துவிட்டு இங்கிலீஷ் புரியவில்லை என்றால் சிரிப்பார்களாம். இப்போது தேதி சொன்னதும் கிளார்க்கிடம் ஒரு தாளை நீட்டி, எண்ணில் வேண்டாம், எழுத்தில் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

ஃபீனிக்ஸ் அக்கா:
பெயில் ரசீதைப் பத்திரமா வச்சிருக்கீங்களா? ஒழுங்கா எல்லா வாய்தாவுக்கும் போயிருந்தா, தண்டனையே ஆனாலும் கேஸ் முடிஞ்சதும் பணம் கட்டினவங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த் அண்ணன்:
சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்கு அடியில் இருக்கிறது அக்கா.