பரிமாறுகிறவர் பேச்சைக் கேளுங்கள்: வியன்னா, சால்ஸ்பர்க், பிராங்க்ஃபர்ட், மியூனிக் சாப்பாட்டு அனுபவங்கள்

வியன்னாவில் வசிக்கும் உறுப்பினர்:

"ஜெர்மனி, ஆஸ்திரியா சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்று ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், ரயில் நிலைய வாசலில் நின்றபடி கடித்த சாசேஜைச் சொல்கிறார்கள். அதிலும் ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டுச் சமையலை அதை வைத்து எடைபோடக் கூடாது. உட்கார வேண்டும். பரிமாறுகிறவர் சொல்கிற வரிசையில் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டவர்கள் இங்கே எழுதினால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். நானே தொடங்குகிறேன்.

வியன்னாவில் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையை 'பைஸ்ல்' என்பார்கள். பாதிச் சுவர்வரை கரும்பழுப்பு மரப்பலகை, தேய்ந்த மரத்தரை, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய அன்றைய பதார்த்தங்கள். நவம்பர் மாத மழைநாள் ஒன்றில் நானும் மனைவியும் நனைந்துகொண்டு உள்ளே போனோம். பரிமாற வந்தவர் அறுபதைத் தாண்டியவர். கறுப்பு மேலங்கி, இடுப்பில் தடித்த தோல் பர்ஸ். நான் ஷ்னிட்செல் (தட்டி மெல்லியதாக்கிப் பொரித்த இறைச்சி) கேட்க வாயெடுத்தேன். அவர் தலையசைத்து, "இன்று டாஃபல்ஷ்பிட்ஸ் சாப்பிடுங்கள். காலையிலிருந்து அடுப்பில் இருக்கிறது" என்றார்.

டாஃபல்ஷ்பிட்ஸ் என்றால் மாட்டின் பின்பகுதியிலிருந்து எடுத்த, ஓரத்தில் கொழுப்புப் பட்டை உள்ள துண்டை வேர்க்காய்களோடு சேர்த்து மணிக்கணக்கில் மெதுவாக வேகவைப்பது. தண்ணீர் கொதிக்கக் கூடாது, லேசாகச் சலசலக்க வேண்டும். 1848 முதல் 1916 வரை ஆண்ட பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்புக்கு மிகவும் பிடித்த உணவு இது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். வேகவைத்த இறைச்சியில் என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

செம்புப் பாத்திரம் ஒன்று மேசைக்கு வந்தது. நான் கரண்டியை எடுத்ததும் அவர் மென்மையாகத் தடுத்தார். முதலில் சாறு மட்டும். கிண்ணத்தின் அடியில் மெல்லிய தோசை போன்ற அப்பத்தைச் சுருட்டி நறுக்கிய இழைகள் கிடந்தன. அதன்மேல் சாற்றை ஊற்றினார். பொன்னிறச் சாறு. அந்த நிறத்துக்குக் காரணம், தோலோடு இரண்டாக வெட்டிய வெங்காயத்தை இரும்புச் சட்டியில் கருக வாட்டிப் போடுவதுதான் என்று அவரே சொன்னார். இரண்டாவதாக, எலும்பை நிமிர்த்திப் பிடித்து, மெல்லிய கரண்டியால் மஜ்ஜையைத் தோண்டி, வாட்டிய கறுப்பு ரொட்டியில் தடவி, கல்லுப்பைத் தூவி என் மனைவியிடம் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் மென்றாள். மூன்றாவதாகத்தான் இறைச்சி. நாருக்குக் குறுக்கே வெட்டியது, முள்கரண்டி பட்டதும் பிரிந்தது. பக்கத்தில் ஆப்பிள் துருவலோடு கலந்த 'கிரேன்'. இது கடுகைப்போல மூக்கில் ஏறுகிற வேர். உறைப்பில்லை என்கிறவர்கள் இதில் ஒரு கரண்டி அள்ளிப் பார்க்கட்டும். கூடவே பச்சை இலை நறுக்கிப் போட்ட வெள்ளைச் சாஸ், மசித்த கீரை, நெய்யில் முறுக விட்ட உருளைக்கிழங்கு.

ஒரே பாத்திரத்திலிருந்து மூன்று தனித்தனிச் சாப்பாடு. வரிசையை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டியிருந்தால் வெறும் வெந்த கறி என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

ஷ்னிட்செலுக்கு இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். 'வீனர் ஷ்னிட்செல்' என்று பெயர் போட்டால் அது கன்றிறைச்சியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பன்றியானால் பட்டியலில் அதைச் சொல்லியாக வேண்டும். பன்றி சாப்பிடாதவர்கள் இதைக் கவனியுங்கள். இறைச்சியைத் தட்டித் தட்டி மெல்லியதாக்கி, மாவு, முட்டை, ரொட்டித் தூளில் புரட்டி எடுப்பார்கள். நல்ல கடைகளில் அதைப் பொரிப்பது 'பட்டர்ஷ்மால்ட்ஸ்' என்பதில். அது என்ன தெரியுமா? நம் நெய்யேதான். சமையல்காரர் சட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பார். நெய் மேலே அலையடிக்க அடிக்க, பூரி உப்புவதுபோல மேல்தோல் இறைச்சியை விட்டு எழும்பும். கத்தி வைத்ததும் மேல்தோல் தனியாக நொறுங்கினால் சரியான பதம்.

கூட வரும் உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் கிடையாது; சாறும் வினிகரும் வெங்காயமும்தான். ஜெர்மானியர்கள் 'கார்டோஃபல்' என்று சொல்லும் உருளைக்கிழங்கு இங்கே 'ஏர்டெப்ஃபல்', அதாவது மண்ணில் விளையும் ஆப்பிள். 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது, இதுபோன்ற 23 ஆஸ்திரிய உணவுச் சொற்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். சாப்பாட்டுச் சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காத இந்த மக்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சால்ஸ்பர்க்கில் வேலை பார்க்கும் உறுப்பினர்:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் சைவக்காரர்களின் பாடு வேறு. போன வருடம் ஜூலையில் அம்மா வந்திருந்தபோது பட்ட அனுபவத்தை எழுதுகிறேன். யாருக்கும் அது நேரக் கூடாது.

ஓர் உணவகத்தில், இறைச்சி சேர்க்காத சூப் வேண்டும் என்று கேட்டோம். அந்த அப்ப இழைகள் போட்ட சூப்பைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா இரண்டு கரண்டி குடித்துவிட்டார். வாசனையில் எனக்குச் சந்தேகம் வந்து கேட்டேன். "இறைச்சித் துண்டு ஒன்றும் இல்லையே, மாட்டுச் சாறுதானே" என்றார் பரிமாறியவர். அவருக்கு அது உண்மையிலேயே சைவமாகத்தான் பட்டிருக்கிறது. அம்மா கரண்டியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே "இறைச்சி வேண்டாம்" என்பது போதாது. மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக், ஓனே ரிண்ட்சுப்பே. இறைச்சி இல்லாமல், உப்பிட்ட பன்றித் துண்டு இல்லாமல், மாட்டுச் சாறு இல்லாமல். ஷ்பெக் என்பதைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று எதில் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும்.

மறுநாள் வேறோர் இடத்துக்கு, மிகத் தயங்கித்தான், அம்மாவை அழைத்துப் போனேன். கடையை நடத்துகிற அம்மாளிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "உங்கள் அம்மாவுக்கு இன்று மரில்லன்க்னோடல்தான் சாப்பாடு. இப்போதுதான் வாஹாவ் பழம் வந்திருக்கிறது" என்றார். டான்யூப் கரையில் வாஹாவ் பள்ளத்தாக்கில் விளைகிற ஆப்ரிகாட் பழம் அது. அங்கே அதன் பெயர் மரில்ல. இனிப்பையே மதியச் சாப்பாடாகச் சாப்பிடுவது ஆஸ்திரியாவில் சாதாரணம். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

அம்மா செய்முறையைக் கேட்டதும் அந்த அம்மாள் எங்களைச் சமையலறை வாசல்வரை அழைத்துப் போனார். பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்து மூடுகிறார்கள். உதிர்த்த பன்னீர் போன்ற 'டோப்ஃபன்' கலந்து பிசைந்த மாவால் பழத்தைச் சுற்றி உருட்டி வெந்நீரில் விடுகிறார்கள். மேலே மிதந்து வந்ததும் எடுத்து, வெண்ணெயில் சிவக்க வறுத்த ரொட்டித் தூளில் புரட்டுகிறார்கள். அம்மா பார்த்துக்கொண்டே, "கொழுக்கட்டைதான். பூரணத்தை முழுப் பழமாக வைத்துவிட்டார்கள்" என்றார். வெட்டியதும் கரைந்த சர்க்கரையும் புளிப்பான பழச்சாறும் தட்டில் ஓடின. மூன்று சாப்பிட்டார்.

சால்ஸ்பர்க் வந்தால் 'நாக்கர்ல்' கேட்க மறக்காதீர்கள். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, மூன்று குன்றுகளாகக் குவித்துச் சுட்டது. ஊரைச் சுற்றியுள்ள மலைகளின் அடையாளம் என்பார்கள். வந்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும், படமெடுத்துக்கொண்டிருந்தால் அமுங்கிவிடும்.

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரிக்கு: அடுத்த முறை அம்மாவை எங்கள் ஊருக்கு அழைத்து வாருங்கள். இங்கே ஏழு பச்சிலைகளைப் பொடியாக நறுக்கிப் புளித்த பாலாடையோடு கலக்கும் 'குருயீன ஸோஸ்' இருக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் கூடவே வரும். முட்டை வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லலாம். ஏழு இலையில் ஒன்று நம் புளிச்சக்கீரையைப்போலவே நாக்கைச் சுண்டும். சாக்சன்ஹவுசன் பகுதிப் பழைய கடைகளில், சாம்பலும் நீலமுமான மண்ஜாடியில் ஆப்பிள் மதுவோடு இதைக் கொடுப்பார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பல கடைகளில் மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறையை மூடிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். 'ரூஹெடாக்' என்று கதவில் எழுதியிருந்தால் அன்று வார விடுமுறை. தண்ணீர் கேட்டால் காசுக்கு வாங்கும் சோடாத் தண்ணீர் வரும். கூடையில் இருக்கும் ரொட்டிக்கும் பல இடங்களில் எண்ணிப் பணம் வாங்குவார்கள். பில் தரும்போது சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். அன்பளிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இல்லை. மொத்தமாக எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

மியூனிக்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

பரிமாறுகிறவர் பேச்சைக் கேட்கச் சொன்ன வியன்னா நண்பருக்கு என் முழு ஆதரவு. நான் கேட்காமல் முதல்முறை 'வைஸ்வூர்ஸ்ட்' என்கிற வெள்ளைச் சாசேஜைத் தோலோடு கடித்தேன், ரப்பர்போல இருந்தது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, தோலை நீளவாக்கில் கீறி உள்ளிருப்பதை உருட்டி எடுக்கக் காட்டிக்கொடுத்தார். எலுமிச்சைத் தோலும் பார்ஸ்லியும் மணக்கிற அவ்வளவு மென்மையான பதார்த்தம் அது. மூடியுள்ள பீங்கான் பாத்திரத்தில் வெந்நீரிலேயே மிதந்து வரும். இனிப்புக் கடுகுச் சாந்தும் பிரெட்சல் என்கிற முடிச்சு வடிவ ரொட்டியும் துணை. நண்பகல் மணி அடிக்குமுன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், புகை போடாத, காலையில் செய்த சாசேஜ் பிற்பகலுக்குத் தாங்காது.

நான் எழுத வந்தது பீர் தோட்டத்தைப் பற்றி. 1539இல் வந்த ஆணைப்படி, பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை இருந்தது; கோடையில் காய்ச்சினால் தீப்பிடிக்கும் ஆபத்து. அதனால் குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் வைத்து, மேலே நிழலுக்குச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மக்கள் அந்த நிழலிலேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியதும் ஊர் விடுதிக்காரர்கள் முறையிட்டார்கள். 1812இல் மன்னர் மாக்சிமிலியன் ஜோசப் தீர்ப்புச் சொன்னார்: தோட்டத்தில் பீர் விற்கலாம், ரொட்டி தவிர உணவு விற்கக் கூடாது. அப்போது தொடங்கியதுதான் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவரும் வழக்கம். இன்று அங்கே எல்லாம் விற்கிறார்கள்; ஆனாலும் மேசைவிரிப்பு இல்லாத பகுதியில் உட்கார்ந்து, குடிக்க மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, நம் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். எந்த நாட்டிலும் இப்படி ஒரு உரிமையை நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். நீளப் பெஞ்சுகள், இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு யார் பக்கத்திலும் உட்காரலாம். எதிரில் ஒரு வயதான தம்பதி. அந்தப் பெரியம்மா வீட்டிலிருந்தே கட்டம்போட்ட துணி கொண்டுவந்து விரித்திருந்தார். பிறகு ஒரு வெள்ளை முள்ளங்கியை எடுத்து, அறுந்துபோகாமல் சுருள் சுருளாகச் சீவினார். சுருளை விரித்து ஒவ்வொரு மடிப்பிலும் உப்புத் தூவி மூடி வைத்தார். என் மகள் கையை நீட்டினாள். "பொறு, இன்னும் அழவில்லை" என்றார் பெரியம்மா. உப்பு பிடித்து முள்ளங்கி நீர் விடுவதை இங்கே 'அழுவது' என்பார்கள். ஐந்து நிமிடத்தில் பலகை நனைந்தது. "இப்போது அழுதுவிட்டது, சாப்பிடு" என்று வெண்ணெய் தடவிய ரொட்டியோடு கொடுத்தார். காரம் அடங்கி, நறுக்கென்று, குளுமையாக இருந்தது.

நாங்கள் எலுமிச்சைச் சாதத்தை நீட்டினோம். பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கறுப்பாகக் கடிபடுகிறதே, அது என்ன என்று கேட்டார். கடுகு என்றேன். தினமும் அரைத்துச் சாந்தாகத் தொட்டுச் சாப்பிடுகிற கடுகை இப்படி முழுதாக எண்ணெயில் வெடிக்கவிடலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லையாம். மனைவி தாளிக்கும் விதத்தைச் சொல்லச் சொல்ல, பெரியம்மா குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையைத் திருப்பி அதில் எழுதிக்கொண்டார். எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். கடுகு வெடிக்கிற சத்தத்தை என் மகள் வாயால் செய்து காட்டினாள், அதையும் எழுதிக்கொண்டார்.