மெல்பர்னில் பழைய கேஸ் சுடுநீர்த் தொட்டியை மாற்றும் முன்: புதிதாக வந்தவர்களுக்குச் சில விவரங்கள்

கேள்வி:

அக்கா, வணக்கம். முல்கிரேவில் பழைய வீடு ஒன்று வாங்கி அண்மையில்தான் குடிவந்தோம். பின்பக்கச் சுவரோரம் கேஸில் ஓடும் பெரிய சுடுநீர்த் தொட்டி நிற்கிறது. அடியில் துருப்பிடித்திருக்கிறது. தண்ணீர் இப்போதைக்குச் சூடாக வருகிறது. நேற்று ஒருவர் போன் செய்து, அரசுத் திட்டத்தில் ஹீட் பம்ப் கிட்டத்தட்ட இலவசம், இந்த வாரமே மாட்டித் தருகிறோம் என்றார். நம்பலாமா? வீட்டில் நாங்கள் நான்கு பேர். டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். சென்னையில் கீசர் பார்த்ததைத் தவிர இதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பதில்:

தம்பி, முதலில் அந்த போன்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாநில அரசின் விக்டோரியன் எனர்ஜி அப்கிரேட்ஸ் என்ற தள்ளுபடித் திட்டத்தின் பெயரில் போன் செய்து விற்பதும் கதவைத் தட்டி விற்பதும் 2024 முதல் தடை. தடை இருப்பது தெரிந்தே அழைக்கிறவரிடம் பத்து வருடம் ஓட வேண்டிய பொருளை வாங்க வேண்டாம். திட்டம் உண்மையானது, ஹீட் பம்பும் நல்ல பொருள். ஆனால் யாரிடம், எந்த அளவில், எந்த இடத்தில் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த தேதி, கொள்ளளவு இரண்டும் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட தொட்டிகள் பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து வருடம் உழைக்கும். உங்களுடையது அந்த வயதைத் தாண்டி, அடியிலும் துரு இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றத்துக்குத் தயாராகுங்கள். இங்கே நம் மக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜூலை மாதக் குளிரில் ஒருநாள் காலை தொட்டி உடையும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், வெளியே ஐந்து டிகிரி. அன்றைக்கு வருகிற பிளம்பர் வண்டியில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்கு. பெரும்பாலும் அதே மாதிரி இன்னொரு கேஸ் தொட்டிதான் இருக்கும். அப்புறம் இன்னொரு பத்து வருடம் கேஸ் பில் கட்ட வேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2027 மார்ச் 1 முதல் விக்டோரியாவில், வீடுகளில் ஆயுள் முடிந்த கேஸ் சுடுநீர் சாதனத்துக்குப் பதில் மின்சாரத்தில் ஓடுவதைத்தான் வைக்க வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. பழுதுபார்க்கக் கூடியதைப் பழுதுபார்த்து ஓட்டலாம், சில விலக்குகளும் உண்டு. ஆனாலும் போகிற திசை தெளிவு.

ஹீட் பம்ப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா, அதே வேலையை இது திருப்பிச் செய்கிறது: வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது. சென்னை கீசரில் இருக்கும் கம்பிச்சுருள் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்.

கணக்காகப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் விடும் ஷவரில் ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 90 லிட்டர். அதில் பச்சைத் தண்ணீரும் கலந்திருப்பதால் தொட்டியிலிருந்து வரும் 60 டிகிரி நீர் சுமார் 50 லிட்டர்தான். நான்கு பேருக்கு 200 லிட்டர். 15 டிகிரியில் வரும் 200 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றப் பத்தரை யூனிட் வெப்பம் வேண்டும். கம்பிச்சுருள் தொட்டி பத்தரை யூனிட் மின்சாரத்தையும் எடுக்கும். யூனிட் 30 சென்ட் என்று வைத்தால் நாளுக்கு 3 டாலர் 15 சென்ட். ஹீட் பம்புக்கு மூன்று யூனிட் போதும், 90 சென்ட். உங்கள் பழைய கேஸ் தொட்டி அதே வேலைக்குச் சுமார் 50 மெகாஜூல் எரிக்கும். மெகாஜூல் நான்கு சென்ட் என்றால் 2 டாலர். இதற்கு மேல் ஒரு துளி கேஸ் எரிக்காவிட்டாலும் நாளுக்கு ஒரு டாலர் அளவில் இணைப்புக் கட்டணம் வரும். சமையலும் ஹீட்டரும் மின்சாரத்துக்கு மாறி, கடைசியில் கேஸ் இணைப்பையே துண்டிக்கும்போதுதான் முழு லாபம் கைக்கு வரும். குளிர்காலத்தில் ஹீட் பம்பின் திறன் கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கூரையில் சோலார் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் மிஞ்சும் மின்சாரத்தை வெளியே கொடுத்தால் இப்போது மிகக் குறைவாகத்தான் தருகிறார்கள். அதைத் தண்ணீரில் சேமிப்பதே மேல். டைமரைக் காலை பத்திலிருந்து மாலை மூன்று வரை என்று வைத்துவிட்டால், வெயிலும் இருக்கும், காற்றும் நாளின் மற்ற நேரத்தைவிடச் சூடாக இருக்கும், சத்தமும் யாரையும் எழுப்பாது. சோலார் இல்லாவிட்டாலும் பகல் நேரமே சிறந்தது, உங்கள் மின்கட்டணத் திட்டம் அதற்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அளவில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். "கிட்டத்தட்ட இலவசம்" என்று வருவதில் பல 170, 200 லிட்டர் தொட்டிகள். உடனடி கேஸ் ஹீட்டர் போல இது தீரத் தீரச் சூடாக்காது. தொட்டி காலியானால் மறுபடி நிறையச் சூடாக நான்கைந்து மணி நேரம் ஆகும். நம் வீடுகளில் பெரிய பாத்திரங்கள் கழுவுகிறோம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கிறது, பெற்றோர் வந்தால் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஆறு பேர் குளித்தால் 300 லிட்டர் சுடுநீர். ஆகவே நீங்கள் 270க்குக் கீழே போக வேண்டாம், இடம் இருந்தால் 315. கூடவே பழைய ஷவர் தலையைக் கழற்றி தண்ணீரை மிச்சம் பிடிக்கும் மூன்று நட்சத்திரத் தலை மாட்டுங்கள். இருபது, முப்பது டாலர் செலவில் தொட்டியைப் பெரிதாக்கிய மாதிரி ஆகும்.

வகை என்று பார்த்தால், தொட்டியும் கம்ப்ரசரும் ஒன்றாக இருப்பது ஒன்று, இரண்டும் தனித்தனியாக இருப்பது மற்றொன்று. ஒன்றாக இருப்பது விலை குறைவு. தனியாக இருப்பதில் சத்தம் பொதுவாகக் குறைவு, வைக்கும் இடத்திலும் வசதி அதிகம். உள்ளே ஓடும் வாயு எது என்று கட்டாயம் கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடில் ஓடுபவை உறைபனிக் காலையிலும் நன்றாக வேலை செய்யும், விலைதான் கூட. ஆர்134ஏ வாயுவில் ஓடும் சில மாடல்கள் கடுங்குளிரில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு மாறிவிடும். அப்படி மாறினால் மேலே போட்ட கணக்கு எல்லாம் போயிற்று. மெல்பர்னைவிடக் குளிர் அதிகமான பல்லாரட் பக்கம் வீடு வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மாட்டி முடித்ததும் எந்த மோடில் விட்டுப் போகிறார்கள் என்று நீங்களே பார்த்து, ஹீட் பம்ப் மட்டும் ஓடும் மோடில் வைக்கச் சொல்லுங்கள்.

இடம் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. பழைய தொட்டி இருந்த இடத்திலேயே வைப்பது பிளம்பருக்குச் சுலபம். அந்த இடம் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே இருந்தால் இரவில் கம்ப்ரசர் ஓடும்போது புகார் வரும். அண்டை வீட்டாரோடு முதல் உறவே மனத்தாங்கலில் தொடங்க வேண்டாம். முடிந்தால் சமையலறைக்கும் குளியலறைக்கும் அருகில் வையுங்கள். குழாய் நீளம் குறைந்தால், சூடு வரும்வரை சாக்கடையில் விடும் தண்ணீரும் குறையும். வெளிக்குழாய்களுக்கு உறை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். மூன்று தள்ளுபடிகள் உண்டு. ஒன்று, இப்படிப்பட்ட சாதனம் மாட்டினால் கிடைக்கும் மத்திய அரசின் எஸ்டிசி சான்றிதழ்கள். இரண்டு, விக்டோரியன் எனர்ஜி அப்கிரேட்ஸ். இவ்விரண்டையும் பொதுவாக விற்பவரே கழித்துவிட்டு விலை சொல்வார். மூன்றாவது, மாநில அரசின் சோலார் விக்டோரியா அமைப்பு தரும் ரிபேட்: 1,000 டாலர் வரை, ஆஸ்திரேலியாவில் தயாரித்ததாக இருந்தால் 1,400 வரை. சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் 2,10,000 டாலருக்குள் இருக்க வேண்டும், பழைய சாதனம் குறைந்தது மூன்று வருடம் பழையதாக இருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே தகுதி வாங்கிவிடுங்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் சோலார் விக்டோரியா இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், எழுத்தில். மாடல் எண், வாயு, லிட்டர், தொட்டிக்கு எத்தனை வருட வாரண்டி, கம்ப்ரசருக்கு எத்தனை, ஆள்கூலிக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "பத்து வருட வாரண்டி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அது தொட்டிக்கு மட்டும் இருக்கும். பழைய தொட்டியை எடுத்துப்போவது, கேஸ் குழாயை அடைப்பது, புதிய மின்சுற்று இழுப்பது எல்லாம் விலையில் அடங்குமா என்றும் கேளுங்கள். முல்கிரேவ் போன்ற இடங்களின் பழைய வீடுகளில் சுவிட்ச்போர்டில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் இருக்கலாம். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் கறுப்புப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. அதை நீங்கள் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அந்தச் செலவு முதலிலேயே தெரிந்தால் அதிர்ச்சி இருக்காது. வேலை முடிந்ததும் பிளம்பிங் சான்றிதழ், மின் பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டும் கையில் வந்த பிறகே கடைசித் தவணை கொடுங்கள்.

கேள்வி:

அக்கா, நாங்கள் கிளேட்டனில் வாடகைக்கு இருக்கிறோம். சுடுநீர் போய் இரண்டு நாள் ஆகிறது. ஏஜென்ட் "ஓனரிடம் கேட்டிருக்கிறோம்" என்று மட்டும் சொல்கிறார். கைக்குழந்தை இருக்கிறது.

பதில்:

அம்மா, நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. விக்டோரியாவில் சுடுநீர் சாதனம் பழுதானால் அது சட்டப்படி அவசரப் பழுது, ஓனர் உடனே சரிசெய்ய வேண்டும். போனில் சொன்னது போதாது. இன்றைக்கே ஈமெயிலில் "அவசரப் பழுது" என்ற சொல்லைப் போட்டு, குழந்தை இருப்பதையும் எழுதி அனுப்புங்கள். உடனே நடவடிக்கை இல்லையென்றால், 2,500 டாலர் வரையிலான பழுதை நீங்களே சரிசெய்து, ரசீதோடு எழுத்தில் கேட்டால் ஓனர் ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் விகேட் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரப் பழுது வழக்குகளை அவர்கள் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார்கள். வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். அது உங்கள் பக்க நியாயத்தைக் கெடுத்துவிடும். இப்படிக் கேட்பதால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று புதிதாக வந்த பலர் பயப்படுகிறார்கள். வீட்டைப் பழுதுபார்க்கச் சொல்வதற்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி:

அக்கா, முல்கிரேவ் தம்பிதான். தகட்டில் 2009 என்று இருக்கிறது! மாற்றவே போகிறோம். ஒரு சந்தேகம். அம்மா வந்தால் குளித்து முடித்ததும் கீசரை அணைப்பது போல இதையும் அணைத்துவிடுவார். பரவாயில்லையா?

பதில்:

அணைக்க விடாதீர்கள் தம்பி. நம் ஊர் கீசர் சிறியது, பத்து நிமிடத்தில் சூடாகும். அங்கே அணைப்பது சரி. இது நாள் முழுக்கத் தேவையான தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி. வெதுவெதுப்பாகவே கிடந்தால் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும், அது நுரையீரலைத் தாக்கும். வயதானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால்தான் தொட்டியை 60 டிகிரியில் வைக்கிறார்கள். மிச்சம் பிடிக்க நினைத்து அதை 50க்குக் குறைக்காதீர்கள். குளியலறைக் குழாயில் 50க்கு மேல் வராமல் டெம்பரிங் வால்வு பார்த்துக்கொள்ளும், புதிதாக மாட்டும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள். எப்போது ஓட வேண்டும் என்பதை டைமர் பார்த்துக்கொள்ளும். அம்மாவிடம் அந்த சுவிட்சைக் காட்டி, மேலே தமிழில் "அணைக்க வேண்டாம்" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விடுமுறை மோடு இருந்தால் அதில் போடுங்கள். திரும்பி வந்ததும் தொட்டி 60 டிகிரிக்கு ஏறிய பிறகு குளியுங்கள். தொட்டியின் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்வின் கைப்பிடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், வரும் தண்ணீர் கையைச் சுடும் என்பதால் கவனம். உள்ளே தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் அனோடு கம்பியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிளம்பர் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். உங்கள் பழைய தொட்டிக்கு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். கொட்டேஷன்கள் வந்ததும் மாடல் எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.